பிரேக் அக்கா சொன்ன அப்பாடா

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்குப் பெயர் பிரேக் அக்கா. பத்தொன்பது வருஷமாகப் பயிற்சி வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறார். அந்த இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறிப்போய் எதையாவது மிதிப்பதற்குள் அக்காவின் கால் தன் வேலையை முடித்திருக்கும். வாய் மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்: "ஒண்ணும் ஆகலை. மூச்சு விடுங்க. மறுபடி ஆரம்பிக்கலாம்."

அவரிடம் கற்றவர்களில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. நடுச்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, நடந்தே வீட்டுக்குப் போய்விட்ட மனிதர் ஒருவரும் உண்டு. ஆனால் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

விழுந்தது ஒரே ஒரு நாள். பல் டாக்டர் ஒருவர் ரிவர்ஸ் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். நாற்பது வயது வரை பஸ்ஸிலேயே காலம் தள்ளிவிட்டு, இப்போதுதான் துணிந்து வந்திருந்தவர். வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தபோது அக்காவின் கைப்பையில் போன் அடித்தது. திரையில் தெரியாத நம்பர். அக்காவின் கால் பிரேக் மேல்தான் இருந்தது. ஆனால் மிதிக்கவில்லை. தெரு முனையில் இருந்த குப்பைத்தொட்டியில் டமாரென்று மோதி வண்டி நின்றது.

"சாரிக்கா, சாரிக்கா! என் தப்பு!" என்று டாக்டர் கத்தினார்.

"இல்ல டாக்டர், என் தப்பு" என்றார் அக்கா. அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் யாரோ வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்த போனின் கதை தெரிந்தால்தான் இது புரியும்.

அக்காவுக்கு ஒரே தம்பி. நாலு வயது இளையவன். வீட்டில் அவனை வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்து நாலு வயதில் குடிக்க ஆரம்பித்தான். முதலில் நண்பர்களோடு, பிறகு தனியாக, பிறகு காலையிலேயே. அச்சகத்தில் நல்ல வேலையில் இருந்தான், போயிற்று. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதுவும் போயிற்று. அப்பா அதே வருஷத்தில் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு பதினேழு வருஷம், வாலு விழுந்த இடத்திலிருந்தெல்லாம் தூக்கிவர ஆள் அக்காதான். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பஸ் நிலையத்து பெஞ்சு, முன்பின் தெரியாதவர் வீட்டு வாசல். எல்லா அழைப்பும் தெரியாத நம்பரிலிருந்துதான் வரும். "நீங்க இவரோட அக்காங்களா?" என்றுதான் ஆரம்பிக்கும். குளிக்கப் போனாலும் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் குளிப்பார். வெளியூர்க் கல்யாணங்களுக்குக் கணவர் மட்டும் போய்வருவார். மறுவாழ்வு மையத்தில் நாலு முறை சேர்த்தார்கள். நாலு முறையும் அவன் மெலிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே வந்தான். அதிகபட்சம் ஏழு மாதம் தாக்குப்பிடித்தான்.

கடைசியில் கல்லீரல் கைவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். அம்மா நாற்காலியிலேயே சரிந்தார். கணவர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். அப்போது அவர் மனதுக்குள் முதலில் வந்த வார்த்தை, அப்பாடா.

அழுகை இல்லை. ஐயோ என்றுகூட வரவில்லை. அப்பாடா. வாய்விட்டுச் சொன்னோமா, உள்ளேயே சொன்னோமா என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கே எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஆட்கள் கூடத்தில் நிறைந்திருக்கும்போதே உள்ளறைக்குப் போய்ப் படுத்தவர், பதினோரு மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். எழுந்ததும் தன் மேலேயே ஒரு அருவருப்பு. கூடப்பிறந்தவன் செத்த அன்றைக்கு இப்படித் தூங்குகிறவள் என்ன ஜென்மம்?

வந்தவர்கள் எல்லோரும் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான்: "அம்மா எப்படி இருக்காங்க? அம்மாவ நல்லா பாத்துக்கம்மா." அவரும் பார்த்துக்கொண்டார். எட்டு மாதம் ஓடிவிட்டது. ஆனால் போன் அடித்தால் மட்டும் கை வேர்த்தது. போய்ச் சேர்ந்தவனைத் தூக்கிவர இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தது உடம்பு.

குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்தபோது பல் டாக்டர் கேட்டார்: "அக்கா, உங்களுக்கு யாராவது தவறிட்டாங்களா?"

"தம்பி. ஏன் கேக்கறீங்க?"

"எங்க அக்கா போனப்போ நானும் இப்படித்தான். ஒரு தடவ, எந்தப் பல்லப் பிடுங்கணும்னே மறந்துபோய் நின்னேன். நல்லவேளை, பேஷண்ட்டே காட்டிட்டார்."

கூடப்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர்களுக்காக மட்டும் மூன்று நாள் முகாம் ஒன்று நடக்கிறது, தான் போய்வந்தேன் என்று டாக்டர் சொன்னார். அக்கா கையை ஆட்டி மறுத்தார். "நான் ஊர் கூட்டி அழற ஆள் இல்ல டாக்டர்."

ஆனாலும் மறுநாள் டாக்டர் கொண்டுவந்து கொடுத்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். பெயர், வயது, உறவு என்று வழக்கமான கேள்விகள். ஆறாவது கேள்வி இப்படி இருந்தது: 'அவர் இறந்த பிறகு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று உங்களை யாராவது கேட்டார்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அக்கா பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு இல்லை என்பதில் ஒரு கோடு போட்டார். எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கும் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கேட்டிருக்கணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போயிட்டு வா. மூணு நாள் நானும் அத்தையும் என் சமையல சாப்பிட்டுச் சாகாம இருந்தா, திரும்பி வந்து பாரு" என்றார்.

முகாம் நடந்தது ஒரு ஏரிக்கரையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவந்தால் தங்கவைக்கும் விடுதியில். கட்டில்கள் எல்லாம் அடுக்குக் கட்டில்கள். குழாய்கள் இடுப்பு உயரத்தில். கூடத்தின் சுவரில் 'ஓடாதே, தள்ளாதே' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்பது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். "நல்ல பேருதான் எனக்கு, இந்த வேலைக்கு" என்று அவரே சிரித்துக்கொண்டார். அவருடைய இரண்டு அண்ணன்களும் ஒரே வருஷத்தில் போனவர்கள்.

முதல் நாள் மாலை ஒவ்வொருவரும் தங்கள் கூடப்பிறந்தவரைப் பற்றிச் சொன்னார்கள். பேக்கரி வைத்திருக்கும் ஒரு இளைஞர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து வயது. காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். "எங்கண்ணன் தங்கம்" என்றார் பேக்கரிக்காரர். அவர் சொன்ன விதத்தில் அறையே கலங்கியது. அடுத்தவரின் தங்கை கோபமே படத் தெரியாதவர். அதற்கடுத்தவரின் அண்ணன் தம்பிகளுக்காகப் படிப்பை விட்டவர். அக்காவின் முறை வந்தபோது, "தம்பி. உடம்பு சரியில்லாம போயிட்டான்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். நாற்காலியோடு நாற்காலியாக மறைந்துபோனால் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் நாள் காலை, போனவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அக்கா 'வாலு' என்று எழுதிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

சிஸ்டர் தோளைத் தொட்டார். "வரலைன்னா விட்டுடுங்கம்மா. சமையல்கட்டுல காலைப் பாத்திரம் மலையா கிடக்கு. கை ஓடினா மனசு தானா வரும். வராட்டியும் பாத்திரமாவது சுத்தமாகும்."

சமையலறையில் ஏற்கனவே ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். டிரில் மாஸ்டர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர். அக்கா வயதுதான் இருக்கும். அவருடைய மூத்த சகோதரிக்கு இருபது வயதில் மனநோய் வந்தது. அவர் கடைசி வரை மாஸ்டர் வீட்டில்தான் இருந்தார்.

"உங்களுக்கும் எழுத வரலையா?" என்றார் மாஸ்டர்.

"இல்ல. உங்களுக்கு?"

"நான் எழுதினா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவாங்க." ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நேத்து கேட்டீங்கல்ல? எல்லாரோட கூடப்பிறந்ததும் தங்கம், வைரம். எங்கக்கா மட்டும்தான் என் டூத் பிரஷ்ஷ எல்லாம் மாடியிலேர்ந்து தூக்கி எறிஞ்சவங்க. முப்பது வருஷத்துல எத்தனை பிரஷ்னு நினைக்கறீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போனபிறகு முதல் தடவை. சிரிப்பு வந்த வழியிலேயே மற்றதும் வந்துவிட்டது. கையில் சோப்பு நுரையோடு, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், எங்க தம்பி செத்துட்டான்னு டாக்டர் சொன்னப்போ, நான் அப்பாடான்னு நினைச்சேன்."

மாஸ்டர் அதிர்ச்சியடையவில்லை. முகத்தில் பரிதாபமும் இல்லை. ஓட்டப் பந்தயத்தில் நேரம் குறிக்கிறவரைப் போலக் கேட்டார்: "எப்போ நினைச்சீங்க?"

"என்ன எப்போ? அவர் சொன்ன உடனே."

"நீங்க பரவாயில்ல. நான் மூணு நாள் முன்னாடியே நினைச்சுட்டேன். எங்கக்கா அப்போ உயிரோடதான் இருந்தாங்க."

ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பிடித்தது பாருங்கள் சிரிப்பு. அக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் கண்ணில் சோப்பு பட்டுவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து எட்டிப் பார்த்தபோது, இருவர் கன்னத்திலும் கண்ணீர். எது சிரித்த கண்ணீர், எது அழுத கண்ணீர் என்று அவர்களுக்கே தெரியாத நிலை.

அன்று மதியம் வட்டத்தில் உட்கார்ந்தபோது அக்கா தானாகவே கையைத் தூக்கினார். பதினேழு வருஷத்தையும் சொன்னார். தெரியாத நம்பர்களைச் சொன்னார். அப்பாடாவைச் சொன்னார். அன்றைக்குத் தூங்கிய பதினோரு மணி நேரத்தையும் சொன்னார்.

பேக்கரிக்காரர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கலைங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக்கூட விடல எங்கண்ணன். உங்களுக்குப் பதினேழு வருஷம் கிடைச்சிருக்கு. அப்பாடாங்கறீங்க!" என்று சொல்லிவிட்டு, நாற்காலி சாயும்படி வெளியே போனார்.

மன்னிப்புக் கேட்க எழுந்த அக்காவை சிஸ்டர் உட்காரச் சொன்னார். "அவர் கோவம் உங்க மேல இல்ல. உங்க பேச்சுலயும் தப்பு இல்ல. ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கட்டும்."

அதற்குப் பிறகு பேசிய ஒரு பெண், தன் அண்ணன் புற்றுநோயில் கிடந்த கடைசி மாதத்தில், சீக்கிரம் முடியட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். மொத்தம் ஒன்பது பேரில் நாலு பேரிடம் ஆளுக்கொரு அப்பாடா இருந்தது தெரியவந்தது. அதுவரை ஒவ்வொருவரும், உலகத்தில் தான் ஒருவர்தான் இப்படி என்று நினைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கழுத்துக்குப் பின்னால் எதையோ இறக்கிவைத்ததுபோல இருந்தது. அன்று சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மூன்றாம் நாள் காலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது பேக்கரிக்காரர் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

"நேத்து கத்திட்டேன்க்கா."

"கத்தினா என்ன? உங்க இடத்துல நானும் கத்தியிருப்பேன்."

"ஒண்ணு கேக்கலாமா? குடிக்கறதுக்கு முன்னாடி உங்க தம்பி எப்படி இருப்பாரு?"

அக்கா நின்றுவிட்டார். பதினேழு வருஷமாக அவனைப் பற்றி எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இப்போ எப்படி இருக்கான்? முன்னாடி எப்படி என்று கேட்டவர் இல்லை. அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை, பார்க்க நேரமில்லை. முதலில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டடி நடந்தார். பிறகு ஒரு இருமல் சத்தம் நினைவுக்கு வந்தது.

"எங்கப்பாவுக்குக் கதைப் புத்தகம் படிச்சா பிடிக்காது. நான் பாடப் புத்தகத்துக்குள்ள வெச்சுப் படிப்பேன். அப்பா வரும்போது வாசல்ல ரெண்டு தடவ இருமுவார். நான் உடனே ஒளிச்சுடுவேன். இந்த வாலு, பதினோரு வயசுல, அந்த இருமலை அப்படியே கத்துக்கிட்டான். கதையில முக்கியமான இடம் வரும்போது பார்த்து வெளியே நின்னு இருமுவான். நான் அலறி அடிச்சுக்கிட்டுப் புத்தகத்த தலையணைக்குக் கீழ தள்ளுவேன். கதவத் திறந்தா இவன் நிப்பான், பல்லக் காட்டிக்கிட்டு."

பேக்கரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இருங்க, இன்னும் இருக்கு. ஒரு நாள் இவன்தான்னு நினைச்சு, 'போடா எருமை, உள்ள வந்தே, தொலைஞ்சே'ன்னு கத்தினேன். கதவத் திறந்துக்கிட்டு வந்தது எங்கப்பா."

"அய்யய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடிதான். ஆனா அவன் உள்ள ஓடிவந்து, 'அக்கா என்னைத்தான்ப்பா திட்டிச்சு, புத்தகமும் என்னுது'ன்னு பாதி அடிய வாங்கிக்கிட்டான்." அக்காவின் குரல் அங்கே உடைந்தது. ஏரியைப் பார்த்து நின்று அழுதார். தம்பிக்காகவே என்று அவர் அழுதது அதுதான் முதல் முறை. பேக்கரிக்காரர் கிட்டே வராமல், தூரமும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மதியம், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. மகன் போனபிறகு அம்மாவும் மகளும் அவனைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருவரை ஒருவர் உடைத்துவிடக் கூடாதென்று இருவரும் ஜாக்கிரதையாகவே இருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார். இருமல் கதையைச் சொன்னார். அம்மாவின் கை நின்றது. உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தால், சிரித்தார்.

"உங்கப்பா போனபிறகு ஒரு நாள் என்கிட்டயே இருமிக் காட்டினான்டி. பாவி. நான் தோசைக் கரண்டியோட துரத்தினேன்."

இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அக்கா தைரியத்தைத் திரட்டிக்கொண்டார். "அம்மா, அன்னைக்கு நான் தூங்கிட்டேன். வீடு நிறைய ஆள் இருக்கும்போது. எல்லாரும் என்ன நினைச்சாங்களோ."

"யாரும் ஒண்ணும் நினைக்கல. யாருக்கும் தெரியாது."

"எப்படித் தெரியாம இருக்கும்?"

"நான்தான் கதவச் சாத்திட்டு அதுக்கு முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேனே. உன்னைக் கேட்டவங்ககிட்ட எல்லாம், வேற வேலையா இருக்கான்னு சொல்லிட்டேன்." அம்மா ஒரு சட்டையை உதறினார். "பதினேழு வருஷமா நீ தூங்கினத நான் பாத்ததே இல்ல. அன்னைக்குத்தான் பாத்தேன். எம்புள்ள போயிட்டான். எம்பொண்ணாவது தூங்கட்டும்னு இருந்தது."

அக்கா அம்மாவின் மடியில் தலைவைத்துக்கொண்டார். நாற்பத்தாறு வயதில், மடித்த துணிகளுக்கு நடுவில்.

"துணி கசங்குதுடி" என்றார் அம்மா. ஆனால் நகரச் சொல்லவில்லை.

இப்போது அக்கா நன்றாக இருக்கிறார். துக்கம் போய்விட்டதா என்றால் இல்லை. உண்மையில் இப்போதுதான் அது ஒழுங்காக வருகிறது. அச்சகத்து மை வாசனை எங்காவது அடித்தால் அழுகை வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால், கையில் வேலை இருந்தால் எடுப்பதே இல்லை. டிரில் மாஸ்டர் மாதம் ஒரு முறை பேசுகிறார். பல் டாக்டர் மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

போன மாதம் அக்கா ஒரு காரியம் செய்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எடுக்காத நீண்ட விடுமுறையை எடுத்து, அம்மாவையும் கணவரையும் கூட்டிக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குக் கிளம்பினார். எப்படிக் கிளம்புவது என்றே அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எத்தனை துணி எடுப்பது, கேஸை மூடினால் போதுமா, பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க வேண்டுமா என்று ஒரு வாரம் பேசினார்கள். அம்மா நாலு நாளுக்கு நாலு பை கட்டிவைத்தார். அதில் ஒன்று முழுக்கக் குடை, கம்பளி, மாத்திரை. கணவர் பின் இருக்கையில் பைகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

அம்மா முன்னால் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கச் சொன்னார். காற்றில் நரைமுடி பறந்தது. ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை.

"எங்கயாவது நிறுத்துடி, டீ குடிக்கலாம்" என்றார்.

"இப்பத்தானேம்மா குடிச்சுட்டுக் கிளம்பினோம்?"

"அது வீட்டு டீ. வெளியூர் போறவங்க வழியில டீ குடிப்பாங்களாம். எனக்கென்ன தெரியும், சொல்லக் கேட்டிருக்கேன்."

அக்கா வண்டியை ஓரம் கட்டினார்.